காலக்கெடு வைத்து ஆள் பிரிக்காதீர்கள்: நம் மவுன்டன் பைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அரிசோனாவின் ஃபீனிக்ஸ் வட்டாரத்தில் சனிக்கிழமை ரைடுகளை நடத்தும் நம் குழுவின் ஒருங்கிணைப்பாளர்களுக்கு,

அக்டோபரில் தொடங்கும் சீசனுக்காக நீங்கள் வாட்ஸ்அப்பில் போட்ட அறிவிப்பை என்னால் ஏற்க முடியவில்லை. சனிக்கிழமை ரைடுகள் இனி நீலச் சதுரம் (நடுத்தரம்), கறுப்பு டைமண்ட் (கடினம்) குறி போட்ட பாதைகளில் மட்டும் என்கிறீர்கள். சவுத் மவுன்டனில் இருக்கும் டெசர்ட் கிளாசிக் பாதையை, திரும்பி வரும் தூரத்தைச் சேர்க்காமல், ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிப்பவர்கள்தான் பெயர் கொடுக்கலாம். மற்றவர்கள், "குறிப்பாகப் பெண்களும் குழந்தைகளும்", மாதம் ஒரு ஞாயிறு கால்வாய்க் கரைப் பாதையில் கூடிக்கொள்ளலாம். இதற்குக் கட்டைவிரல் குறிகள் வரிசையாக விழுந்தன. நான் மறுத்து இரண்டு வரி எழுதியதும், "தனியாகப் பேசலாம்" என்று அந்தப் பேச்சை மூடிவிட்டீர்கள். தனியாகப் பேச இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

என் இடம் போய்விடும் என்ற கோபம் இது இல்லை. உங்கள் காலக்கெடுவுக்குள் நான் முடித்துவிடுவேன். சாண்ட்லரிலிருந்தும் கில்பர்ட்டிலிருந்தும் நாலைந்து பேர் மட்டும் கூடி ஓட்டிய காலத்திலிருந்து நான் இந்தக் குழுவில் இருக்கிறேன். பெரும்பாலும் கடைசி ஆளாகத்தான் வருவேன், பின்தங்குகிறவர்களோடு யாராவது ஒருவர் வர வேண்டும் என்பதால். முன்னால் போகிறவர்கள் பார்க்காத பலவற்றைக் கடைசியில் வருகிறவர் பார்ப்பார்.

முதலில் அந்தக் குறிகளை எடுத்துக்கொள்வோம். பச்சை வட்டம், நீலச் சதுரம், கறுப்பு டைமண்ட் எல்லாம் பனிச்சறுக்கு மலைகளிலிருந்து வந்தவை. அவற்றைச் சைக்கிள் பாதைகளுக்குப் பொருந்தும்படி மாற்றியது இம்பா என்ற சர்வதேச மவுன்டன் பைக் சங்கம். அதன் கணக்குப்படி பச்சைப் பாதை குறைந்தது 36 அங்குல அகலம் இருக்க வேண்டும், சராசரிச் சரிவு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, விலகிப் போக முடியாதபடி குறுக்கே கிடக்கும் கல் 2 அங்குல உயரத்துக்குள் இருக்க வேண்டும். நீலத்தில் அகலம் 24 அங்குலம் வரை குறையலாம், கல் 8 அங்குலம் வரை உயரலாம். கறுப்பில் 12 அங்குல அகலமும் 15 அங்குலக் கல்லும் சகஜம். அகலம், தரை, சரிவு, தடை, இவ்வளவுதான் அந்த அளவுகோல். அதில் வெயில் இல்லை. தண்ணீரும் நிழலும் கள்ளியும் இல்லை. வண்டி நிறுத்திய இடத்துக்குத் திரும்ப இன்னும் எத்தனை மைல் என்பதும் இல்லை. வெர்மான்ட் காட்டுக்குள் இருக்கும் பச்சை வட்டமும் நம் சோனோரன் பாலைவனத்துப் பச்சை வட்டமும் பலகையில் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

உங்கள் ஒன்றரை மணி நேர விதியிலும் இதே ஓட்டை இருக்கிறது. அது கால் பலத்தை மட்டும் அளக்கிறது. இந்த ஊரில் ஒருவரை ஆபத்தில் தள்ளுவது கால் பலம் குறைவது மட்டும் இல்லை. 2023இல் ஜூன் கடைசி நாளில் தொடங்கி ஜூலை 30 வரை 31 நாள் விடாமல் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டோ அதற்கு மேலோ அடித்தது. அடுத்த ஆண்டு 100 டிகிரியை எட்டிய நாட்கள் தொடர்ச்சியாக 113. கேமல்பேக், பியஸ்டேவா மலைப் பாதைகளைக் கடும் வெப்ப எச்சரிக்கை நாட்களில் பகலில் மூடும் ஏற்பாட்டை நகராட்சி 2021இல் கொண்டுவந்தது. அங்கே போகிறவர்கள் எல்லாருமே பலவீனமானவர்கள் என்று நினைத்து மூடவில்லை.

இப்போது டெசர்ட் கிளாசிக்கையே பாருங்கள். சுமார் 9 மைல். நன்றாக ஓட்டுகிறவர் ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவார், புதியவருக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதாவது அதே பாதையில் அவர் இரண்டு மடங்கு நேரம் வெயிலில் இருக்கிறார், இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கிறார், வெயில் நன்றாக ஏறியபிறகுதான் பாதையை முடிக்கிறார். நாம் கொடுக்கும் குறிப்போ எல்லோருக்கும் ஒன்றுதான்: "இரண்டு லிட்டர் தண்ணீர் எடுத்து வரவும்." அப்புறம் சந்திகளில் காத்திருப்பது. முன்னால் வந்தவர்கள் பத்து நிமிடம் உட்கார்ந்து, வாழைப்பழம் சாப்பிட்டு, படம் எடுத்து முடிக்கும்போதுதான் பின்னால் வருகிறவர் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்வார். அவர் காலை ஊன்றியதும், "எல்லாரும் வந்தாச்சா? கிளம்பலாம்." ஓய்வு யாருக்கு வேண்டுமோ அவருக்குக் கிடைப்பதே இல்லை.

போன ஜூன் மாத ரைடு உங்களுக்கு நினைவிருக்கும். டெசர்ட் கிளாசிக் தொடங்கும் பீமா கேன்யன் வண்டி நிறுத்தத்தில் காலை ஏழு மணிக்குச் சந்திப்பு வைத்தீர்கள். ஜூனில் இங்கே ஐந்தரைக்கு முன்பே பொழுது விடிந்துவிடுகிறது. ஏழு மணி என்பது பாலைவனத்தில் நடுக்காலை. டெம்பியில் படிக்க வந்திருந்த ஒரு தம்பி இரவல் ஹார்ட்டெயிலில், அதாவது பின்சக்கரத்துக்கு சஸ்பென்ஷன் இல்லாத சைக்கிளில், வந்திருந்தார். பாதை எத்தனை மைல், எங்கே திரும்பலாம் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. முதல் இரண்டு மைலிலேயே மற்றவர்கள் கண்ணில் படாத தூரம் போய்விட்டார்கள். ஒரு வளைவில் பொடிக்கல்லில் முன்சக்கரம் வழுக்கி அவர் பக்கவாட்டில் விழுந்தார், சோயாக் கள்ளியின் மேலேயே. (பீன்ஸ் இல்லை, முள்ளுருண்டைகளை உதிர்த்துப்போடும் அந்தக் கள்ளிதான்.) அதன் முள் நுனிகளில் பின்னோக்கிய கொக்கிகள் இருக்கும். கெண்டைக்காலில் ஒட்டியதை அவர் கையால் பிடுங்கப் போனார், கையுறையிலும் ஏறிவிட்டது. சீப்பை முள்ளுருண்டைக்கும் தோலுக்கும் நடுவே விட்டு ஒரே வீச்சில் தள்ள வேண்டும் என்பது இங்கே சில காலம் ஓட்டியவர்களுக்குத் தெரியும். அவருக்கு எப்படித் தெரியும்? என்னிடம் சீப்பு இருந்தது. தண்ணீர் இருவருக்கும் போதுமான அளவு இல்லை. நடந்து வந்துகொண்டிருந்த ஒரு தம்பதி ஒரு பாட்டில் கொடுத்தார்கள். அவாடூக்கி வீடுகள் பக்கம் இறங்கும் ஒரு கிளைப் பாதையில் சைக்கிளை உருட்டிக்கொண்டே வெளியே வந்தோம். அந்த நேரத்தில் குழுவில் வந்த செய்தி: "நாங்க காபிக்குக் கிளம்புறோம், அங்க வந்துடுங்க."

அன்று மாலை சராசரி வேகத்தோடு "சூப்பர் ரைடு" என்று படங்கள் வந்தன. அந்தத் தம்பி பிறகு வரவே இல்லை. இப்போது அந்தச் சம்பவத்தைக் காட்டித்தான், "தயாராகாதவர்கள் வந்தால் இப்படி ஆகிறது" என்று இந்த விதியைக் கொண்டுவருகிறீர்கள். அன்று தயாராகாமல் இருந்தது அவரில்லை. புறப்படும் நேரம் தவறு, பாதைத் தேர்வு தவறு, கடைசி ஆள் என்று யாரையும் நியமிக்கவில்லை. மூன்றும் குழுவின் வேலை.

"பழகிவிட்டு வரட்டும்" என்கிறீர்கள். சரி, எங்கே பழகுவது? கால்வாய்க் கரை தட்டையானது, அகலமானது, பல இடங்களில் சிமென்ட் போட்டது. சாயங்காலம் உடற்பயிற்சிக்கு அருமையான இடம், நானும் போகிறேன். ஆனால் பாலைவனப் பாதை ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டிய எதுவும் அங்கே கிடையாது. வறண்ட ஓடைப் படுகையின் மணலில் இறங்கும்போது எடையைக் கொஞ்சம் பின்னால் வைத்து, சின்ன கியரில், மிதிப்பதை நிறுத்தாமல் போக வேண்டும், முன் பிரேக்கைத் தொட்டால் விழ வேண்டியதுதான். கெட்டித் தரைமேல் தூவிக் கிடக்கும் பொடிக்கல்லில் வளைவு எடுப்பது தனிப் பழக்கம். முள் குத்திய ஓட்டையை அடைக்க டயருக்குள் ஊற்றும் சீலன்ட் திரவம் இந்த வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும், சில மாதங்களுக்கு ஒருமுறை பார்த்து ஊற்ற வேண்டும். குதிரையில் யாராவது வந்தால் இறங்கி நின்று, குரல் கொடுத்து வழிவிட வேண்டும். ஏறி வருகிறவருக்கு இறங்குகிறவர் ஒதுங்க வேண்டும். ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் முடியும்வரை பருவமழைக் காலம், மழைக்கு மறுநாள் பாதை எந்த நிலையில் இருக்கும் என்று பார்க்கத் தெரிய வேண்டும். இவற்றையெல்லாம் ஒரு எளிய பாலைவனப் பாதையில், தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கும்போதுதான் கற்றுக்கொள்ள முடியும். அந்தப் பாதையையும் அந்தத் தெரிந்த ஆளையும் ஒருசேர எடுத்துவிட்டு, பழகிவிட்டு வா என்றால் எப்படி?

"பெண்களும் குழந்தைகளும்" என்ற சொற்களுக்கு வருகிறேன். நேஷனல் ட்ரெயிலின் வாட்டர்ஃபால் பாறைப் படிகளில் சைக்கிளிலிருந்து இறங்காமலே வரக்கூடிய பெண்கள் நம் குழுவில் இருக்கிறார்கள். அதே இடத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டு வரும் ஆண்களும் இருக்கிறார்கள். உருட்டுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அதைப் படம் எடுத்தால்தான் சிலருக்குக் கோபம் வருகிறது! புதியவர் என்பது ஒரு நிலை. அதில் ஆணும் இருப்பார், பெண்ணும் இருப்பார், ஐம்பது வயதில் முதல்முறையாக மவுன்டன் பைக் வாங்கிய ஐயாவும் இருப்பார். அந்தச் சொற்களை எழுதியவருக்குக் கெட்ட எண்ணம் இருந்திருக்காது என்றே நம்புகிறேன். ஆனால் படித்த பிறகு இரண்டு சகோதரிகள் குழுவிலிருந்து விலகிவிட்டார்கள்.

உங்கள் தரப்புக் காரணங்களையும் கேட்டேன். நின்று நின்று போவதால் நன்றாக ஓட்டுகிறவர்களுக்குச் சலிப்பு வருகிறது. சூப்பர்மார்க்கெட்டில் வாங்கிய சைக்கிள்களோடு வருகிறார்கள், பாதி வழியில் பிரேக் போய்விடுகிறது. ஏதாவது ஆனால் யார் பொறுப்பு?

கடைசிக் கேள்வி நியாயமானது, லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். சைக்கிள் பிரச்சினைக்கு வண்டி நிறுத்தத்திலேயே பத்து நிமிடம் போதும். பிரேக், சக்கர அச்சு, டயர் காற்று, ஹெல்மெட் நான்கையும் பார்த்துவிட்டு, சரியில்லாத சைக்கிளை அங்கேயே நிறுத்திவிடலாம். அன்று ஒருவர் வருத்தப்படுவார், அவ்வளவுதான். சலிப்புக்கு மட்டும் நான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதற்குத் தீர்வு நம் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது.

ஃபவுன்டன் ஹில்ஸுக்கு வடக்கே மெக்டவல் மவுன்டன் ரீஜனல் பார்க்கில் போட்டிகளுக்கென்றே அமைத்த மூன்று வளையங்கள் உள்ளன. மூன்றும் ஒரே வண்டி நிறுத்தத்திலிருந்து புறப்பட்டு அங்கேயே வந்து முடிகின்றன. லாங் லூப் சுமார் 8 மைல், ஏறி இறங்கி உருண்டு போகும் பாதை. ஸ்போர்ட் லூப்பும் டெக்னிக்கல் லூப்பும் தலைக்குச் சுமார் 3 மைல், டெக்னிக்கலில் செங்குத்து இறக்கங்களும் பாறை விளிம்புகளும் உண்டு. மூன்றுமே ஒருவழிப் பாதைகள், எதிரே யாரும் வர மாட்டார்கள். புதியவர்கள் லாங் லூப்பை ஒரு சுற்று நிதானமாக முடிக்கும் நேரத்தில் வேகமானவர்கள் மூன்றையும் ஓட்டிவிட்டு வரலாம், 14 மைல் ஆகிறது. யாரும் யாருக்காகவும் சந்தியில் நிற்க வேண்டாம், ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் காருக்கு வருவார்கள். நடுவில் ஒருவருக்கு முடியவில்லை என்றால் கார் பக்கத்திலேயே இருக்கிறது. இன்னும் வேண்டும் என்கிறவர்களுக்கு அதே பூங்காவில் 15 மைல் பெம்பர்ட்டன் வளையம் இருக்கிறது.

ஸ்காட்ஸ்டேலின் மெக்டவல் சோனோரன் காப்பகத்தில் பிரவுன்ஸ் ராஞ்ச் பக்கமும் இதே வசதிதான். 30,000 ஏக்கருக்கு மேல் பரந்த காப்பகம் அது. சகுவாரோ என்ற நெடிய கள்ளிகளுக்கும் கிரானைட் குன்றுகளுக்கும் நடுவே பாதைகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகின்றன, சந்திகளில் பெயர்ப்பலகை இருக்கிறது. இரண்டு மைலில் திரும்பவும் முடியும், இருபது மைல் ஓட்டவும் முடியும். முதல்முறை வருகிறவரை இங்கே கூட்டிப் போனால் அடுத்த வாரமும் வருவார். அதை விட்டுவிட்டு வெயிலில் டெசர்ட் கிளாசிக்கில் கொண்டுபோய் விட்டால் சைக்கிளை விற்றுவிடுவார்.

ஒரே குறுகலான பாதையில் எல்லோரையும் அனுப்புவதில் இன்னொரு கெடுதலும் நடக்கிறது. பின்னால் வருகிறவர் பொறுமை இழந்து ஓரமாக ஏறி முந்துகிறார். பாதை ஒவ்வொரு வாரமும் ஒரு சாண் அகலமாகிறது. சகுவாரோ முதல் எட்டு ஆண்டுகளில் ஓரிரு அங்குலம்தான் வளரும், அதுவும் வேறொரு செடியின் நிழலில் ஒண்டிக்கொண்டு. டயரில் நசுங்குவது நம் கண்ணுக்கே தெரியாது. வளையங்களில் பிரிந்து ஓட்டினால் இந்த முந்தலும் குறையும்.

யூட்டா மாநிலத்தின் மோவாபுக்கு மார்ச் மாதம் போன பயணத்தையும் சொல்லாமல் விட முடியாது. இங்கிருந்து ஏறக்குறைய எட்டு மணி நேரம் கார் ஓட்டிப் போனோம். போன கையோடு எல்லோரையும் ஸ்லிக்ராக்கில் இறக்கினீர்கள். அது 1969இல் மோட்டார் சைக்கிள்களுக்காகக் குறிக்கப்பட்ட பாதை. மணற்பாறை மேடுகளில் வெள்ளைக் கோடுகளைப் பார்த்துக்கொண்டே சுமார் 10 மைல் ஏறி இறங்க வேண்டும். அங்கிருக்கும் பயிற்சி வளையம் நீளத்தில்தான் குறைவு, கடினத்தில் இல்லை. கொஞ்ச நேரத்தில் திரும்பியவர்கள் மறுநாளும் விடுதி அறையிலேயே இருந்தார்கள். அதே ஊருக்கு வெளியே டெட் ஹார்ஸ் பாயின்ட் மாநிலப் பூங்காவில் இன்ட்ரெபிட் பாதைகள் இருக்கின்றன. கொலராடோ ஆற்றுக்கு 2,000 அடி உயரத்தில், செங்குத்துச் சரிவுகளைப் பார்த்துக்கொண்டே ஒரு மைல் சின்ன வளையத்திலிருந்து தொடங்கலாம், தைரியம் வந்தால் நீட்டிக்கொள்ளலாம். கொலராடோவின் ஃப்ரூட்டாவில் ரஸ்ட்லர்ஸ் லூப் என்று ஒரு சின்ன வளையம் இருக்கிறது, எப்படி ஓட்ட வேண்டும் என்று வழியிலேயே பலகை வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். மவுன்டன் பைக்குக்குப் பேர்போன இந்த ஊர்களே புதியவருக்கு இடம் வைத்திருக்கும்போது, சனிக்கிழமை மட்டும் ஓட்டும் நமக்கு என்ன அவசரம்?

நான் கேட்பவை இவை.

ஒன்றரை மணி நேர விதியைத் திரும்பப் பெறுங்கள். "பெண்களும் குழந்தைகளும்" என்ற வரியை நீக்கி, விலகிய இருவரிடமும் நீங்களே பேசுங்கள். கடினமான பாதைகளை நிறுத்தச் சொல்லவில்லை. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை மெக்டவல் பூங்கா, பிரவுன்ஸ் ராஞ்ச், பாப்பாகோ பார்க் போன்ற இடங்களில் வையுங்கள், மற்றவை உங்கள் விருப்பம். மோவாப் போனால் ஒரு நாளாவது டெட் ஹார்ஸ் பாயின்டுக்கு ஒதுக்குங்கள்.

ஒவ்வொரு ரைடுக்கும் முந்தின வியாழக்கிழமைக்குள் ஒரு சின்னக் குறிப்புப் போடுங்கள்: எத்தனை மைல், எவ்வளவு ஏற்றம், நடுவில் எங்கே வெளியேறலாம், தண்ணீர் கிடைக்குமா, மெதுவாக ஓட்டுகிறவருக்கு எத்தனை மணி நேரம் ஆகும். தண்ணீர் அளவை மைலுக்குச் சொல்லாமல் மணி நேரத்துக்குச் சொல்லுங்கள். மே முதல் செப்டம்பர் வரை பூங்கா திறந்தவுடன் புறப்பட வேண்டும். எட்டரை மணிக்கு யார் எங்கே இருந்தாலும் திரும்பிவிட வேண்டும் என்று விதி வையுங்கள். கடும் வெப்ப எச்சரிக்கை இருந்தால் ரைடு ரத்து, விவாதம் வேண்டாம்.

கடைசி ஆளைப் பெயர் சொல்லி நியமியுங்கள். அவர் கையில் சீப்பு, கூடுதல் தண்ணீர், ட்யூப், முதலுதவிப் பை இருக்க வேண்டும். அவர் வண்டி நிறுத்தத்துக்கு வந்து சேரும்வரை யாரும் காபிக் கடைக்குப் போகக் கூடாது. சந்தியில் கடைசி ஆள் வந்து சேர்ந்த பிறகு ஐந்து நிமிடம் கழித்துத்தான் கிளம்ப வேண்டும்.

இந்த மாதம் 30ஆம் தேதிக்குள் குழுவிலேயே, எல்லோரும் பார்க்கும்படி பதில் எழுதுங்கள். எதை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள் என்று சொன்னால் போதும். அக்டோபரின் முதல் ரைடை மெக்டவல் பூங்காவில் வைத்தால் அன்று கடைசி ஆளாக நானே வருகிறேன். இரண்டாவது வாரத்துக்கு வேறொருவர் பெயரை இப்போதே எழுதி வையுங்கள்.

இப்படிக்கு,
சாண்ட்லரிலிருந்து, குழுவின் பழைய உறுப்பினர் ஒருத்தி